இருபத்தஞ்சரை டிகிரி

உப்பளத்தில் நின்றுகொண்டு ஒருவர் "எத்தனை டிகிரி?" என்று கேட்டால் வெயிலை விசாரிக்கவில்லை. பாத்தியில் நிற்கும் தண்ணீர் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று கேட்கிறார். பதில் சொல்ல ஒரு கண்ணாடிக் குழல் வேண்டும். அடியில் ஈயக்குண்டு அடைத்த குமிழ், மேலே பென்சிலைவிட மெல்லிய தண்டு, தண்டுக்குள் சுருட்டி வைத்த காகிதத்தில் கோடுகள். உச்சியில் 0. கீழே இறங்க இறங்க எண் ஏறும். தண்ணீர் கெட்டிப்பட்டால் குழல் மேலே எழும்பும், கீழே இருக்கிற பெரிய எண் வெளியே தெரியும். இதற்குமேல் அதில் இயந்திரம் எதுவும் கிடையாது.

இதே குழல் பள்ளிக்கூட ஆய்வக அலமாரியிலும் இருக்கிறது. திரவமானி என்று பெயர். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் மிதத்தல் விதியோடு வரும், பால்மானிக்குப் பக்கத்தில். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள மரக்காணத்தில் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே தூரம் அதிகமில்லை. ஒரு பக்கம் கழுவேலிச் சதுப்புநிலம், ஒரு பக்கம் கடல், இடையில் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி, அதைச் சுற்றிப் பாத்தி பாத்தியாக உப்பளம். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அப்படிப் பழைய ஊரில் இந்தக் குழல் நேற்று வந்த விருந்தாளி. ஆனால் அதற்கும் நீளமான பூர்வீகம் உண்டு.

ஏறத்தாழ கி.பி. 400 வாக்கில் சைனீசியஸ் என்பவர் அலெக்சாண்டிரியாவிலிருந்த கணித ஆசிரியை ஹைப்பேஷியாவுக்குக் கடிதம் எழுதி, தண்ணீரின் கனம் பார்க்கும் குழல் ஒன்று செய்துதரச் சொல்லிக் கேட்டார். 1121இல் அல்-காசினி தராசுகளைப் பற்றி எழுதிய நூலில் இதே வகைக் கருவி வருகிறது. 1675இல் ராபர்ட் பாயில் கண்ணாடியில் செய்து, நாணயத்தில் கலப்படம் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தினார். கருவி பழையதுதான். ஆளுக்கொரு கோடு போட்டுக்கொண்டதுதான் தொல்லை. ஒருவர் குழலில் 7 என்றால் இன்னொருவர் குழலில் அது 12. எண்ணைக் கடிதத்தில் எழுதி அனுப்பினால் வாங்கியவருக்கு ஒன்றும் விளங்காது.

அந்தத் தொல்லையைத் தீர்க்க 1768இல் கிளம்பியவர் பாரீஸ் மருந்துக்கடைக்காரர் ஆந்துவான் போமே. சென்லிஸ் ஊரில் சத்திரக்காரர் மகனாகப் பிறந்தவர், மருந்து காய்ச்சிப் பழகிய கை. அவர் செய்த காரியம் இன்றைக்குப் பள்ளி மாணவர் எவரும் ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடியது. சுத்தமான தண்ணீரில் குழலை விட்டு, மட்டம் நிற்கிற இடத்தில் 0 போட்டார். 15 பங்கு உப்பை 85 பங்கு தண்ணீரில் கரைத்து, அதில் மட்டம் நிற்கிற இடத்தில் 15 போட்டார். நடுவில் உள்ள இடைவெளியைப் பதினைந்தாகப் பிரித்தார். அத்தோடு நிறுத்தவில்லை. அதே அளவு இடைவெளியைக் கீழே நீட்டிக்கொண்டே போனார்: 16, 20, 30, 40.

அளந்தது இரண்டே புள்ளி. மற்றதெல்லாம் அனுமானம். கணக்குப் பாடத்தில் இரண்டு புள்ளியை இணைத்துக் கோடு வரைந்து, வரைபடத்தாளின் விளிம்பு வரை இழுத்துவிடுகிறோமே, அதைத்தான் கண்ணாடிமேல் செய்தார். அந்த நீட்டல் எதைக் குறிக்கிறது என்பது யோசிக்கவேண்டிய விஷயம். மிதக்கும் குழல் எவ்வளவு ஆழம் அமிழும் என்பது அடர்த்திக்கு நேர்மாறாகப் போகும். அடர்த்தி கூடக்கூட ஆழம் குறையும், ஆனால் சம அளவில் குறையாது. அதனால் அடர்த்தியையே எழுதிய குழல்களில் கோடுகள் மேலே அகலமாகவும் கீழே நெருக்கமாகவும் இருக்கும். போமே குழலில் எல்லா இடைவெளியும் ஒரே அளவு. டிகிரியை அடர்த்தியாக மாற்ற இப்போது வழங்கும் சூத்திரம் அதை ஒத்துக்கொள்கிறது: 145 என்ற எண்ணை, 145இலிருந்து டிகிரியைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். 10 டிகிரிக்கு ஒப்படர்த்தி 1.074. 25.5 டிகிரிக்கு 1.213. அந்த 145கூட எல்லோரும் ஒத்துக்கொண்டதாக நீண்டகாலம் இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க, போமே பெயரைச் சொல்லிக்கொண்டு ஒன்றோடொன்று ஒத்துவராத பல குழல்கள் விற்பனைக்கு வந்தன. பெயர் ஒன்றாக இருந்தாலும் அடியில் இருந்த கரைசலும் வெப்பநிலையும் வேறு வேறு.

போமே பிரெஞ்சுக்காரர், மரக்காணத்துக்குப் பக்கத்து ஊர் புதுச்சேரி; ஆக குழல் அந்த வழியாக வந்திருக்கும் என்று கதை கட்ட யாருக்கும் ஆசை வரும். கதை நிற்காது. சென்னை மாகாணத்தில் 1805இலேயே கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1818 உடன்படிக்கையில் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பகுதியில் உப்பு விளைவிப்பதை விட்டுக்கொடுத்து, ஆண்டுக்கு 4,000 பகோடா இழப்பீடாக வாங்கிக்கொண்டார்கள். குழலுக்கு வேலை இருந்தது எல்லைக்கு இந்தப் பக்கம்தான்.

குழல் ஓர் எண் சொல்லும். அந்த எண்ணில் பாத்திக்குள் என்ன நடக்கிறது என்பதை வேறொருவர் பார்க்கவேண்டி வந்தது. 1849இல் உசீலியோ என்ற வேதியியலாளர் மத்தியதரைக் கடல் தண்ணீரை எடுத்துக்கொண்டு, பொறுமையாக வற்றவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அடர்த்தி என்ன, அடியில் தங்கியது எது என்று அட்டவணை போட்டார். முதலில் துளி இரும்பு, சுண்ணாம்பு. தண்ணீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது ஜிப்சம். பத்தில் ஒரு பங்குக்கு வந்த பிறகுதான் நாம் சாப்பிடுகிற உப்பு. அதற்குப் பிறகு மெக்னீசிய உப்புகள்.

மரக்காணத்து அளத்தை உசீலியோவின் அட்டவணையைத் தரையில் விரித்ததாகப் படிக்கலாம். கழிமுகம் வழியாக ஏறிவரும் தண்ணீர் 3 டிகிரி சுற்றில் நிற்கும். மழைக்காலம் முடிந்த கையோடு அளந்தால் அதுகூட இருக்காது, ஆற்றுத் தண்ணீர் கலந்திருக்கும். அகலமான பாத்திகளில் அதை நிறுத்தி, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு விட்டுக்கொண்டே வந்தால் 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் தரையில் தங்க ஆரம்பிக்கும். 25 தாண்டிய தண்ணீரைத்தான் உப்பு விளையும் சிறு பாத்திக்கு விடுவார்கள். பத்து லிட்டர் ஒரு லிட்டராகச் சுருங்கவேண்டும் என்பதால் தண்ணீர் காயவிடும் பாத்திகள் அத்தனை பெரிதாகவும் உப்புப் பாத்திகள் இத்தனை சிறிதாகவும் இருக்கின்றன. 25.5இல் உப்பு விழ ஆரம்பிக்கும். 29ஐ எட்டினால் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். ஆசைப்பட்டு விட்டுவைத்தால் மெக்னீசியமும் சேர்ந்து இறங்கும். உப்பு கசக்கும், மழைக்காற்று பட்டதும் மூட்டைக்குள்ளேயே ஈரம் கசியும். அனுபவஸ்தர்களுக்குத் தண்ணீரின் நிறமே பாதி சொல்லிவிடும். கெட்டிப்படும் உப்புத் தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்கள் அதை இளஞ்சிவப்பாக்கும். மீதிப் பாதிக்குக் குழல்.

அளப்பது பார்க்க எளிது. உயரமான ஜாடியில் தண்ணீரை மொண்டு, குழலை நிமிர்த்திப் பிடித்து மெல்ல விடவேண்டும். ஜாடிச் சுவரில் சாய்ந்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும், எண் பொய். குமிழில் காற்றுக்கொப்புளம் ஒட்டியிருந்தால் குழலைத் தூக்கும், டிகிரி கூடுதலாகக் காட்டும். நேற்றைய உப்பு தண்டில் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தால் கனம் கூடி அமிழும், டிகிரி குறையும். தண்டை ஒட்டித் தண்ணீர் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். அந்த விளிம்பை விட்டுவிட்டு, கண்ணை மட்டத்துக்கு இறக்கி, சமமான பரப்பு வெட்டுகிற கோட்டைப் படிக்கவேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இதே குழலுக்கு வேறு வாழ்க்கை. செய்முறை நோட்டில் மூன்று கட்டம்: சோதனை, காண்பன, அறிவன. முதல் இரண்டையும் பிள்ளைகள் தாங்களே எழுதுகிறார்கள். மூன்றாவது பெரும்பாலும் போன வருட அண்ணன், அக்கா நோட்டிலிருந்து வருகிறது. குழல் 1.02 காட்டியது, ஆகவே உப்புநீரின் ஒப்படர்த்தி 1.02. காண்பனவையே அறிவனவிலும் எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். பிள்ளைகளைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஒரே ஒரு வாசிப்பை வைத்துக்கொண்டு வேறு என்ன அறிவது?

அதே குழலைப் பாத்திக் கரைக்குக் கொண்டுபோய், ஒரு தட்டுத் தண்ணீரைப் பல நாள் தொடர்ந்து அளந்தால் கதை மாறும். முதல் சிக்கல் வெயில். காலையில் 24 காட்டிய தண்ணீர் உச்சிவெயிலில் 23.5 காட்டலாம். பகலெல்லாம் ஆவியான தண்ணீர் எப்படி நீர்த்துப்போகும்? நீர்க்கவில்லை. சூட்டில் விரிந்திருக்கிறது. கெட்டியான உப்புத் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸ் சூடேறினால் போமே குழலில் ஏறக்குறைய ஒரு டிகிரி குறைந்து தெரியும். பக்கத்தில் வெப்பமானி எண் எழுதாத அட்டவணையிலிருந்து ஆவியாதலைப் பற்றி எதுவும் அறிய முடியாது. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் அளக்கவேண்டும், அல்லது சூட்டைக் கணக்கில் கழிக்கவேண்டும்.

இரண்டாவது மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபோது, உள்ளே மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மழைக்கு எந்த அளமும் தாங்காது. சின்ன மழை என்றால் நிலைமை வேறு. மழைத்தண்ணீர் லேசானது, கெட்டித் தண்ணீர்மேல் தனி அடுக்காக நிற்கும். மேலாக மொண்டு அளந்த மாணவி விளைச்சலே போச்சு என்று எழுதுவாள். அளத்துக்காரர் மேல் தண்ணீரைப் பதமாக வடித்துவிட்டு அடியில் இருப்பதை அளப்பார். இரண்டு பேர் எண்ணும் சரி. எங்கிருந்து மொண்டது என்பதை நோட்டில் எழுதினால் மட்டுமே சரி.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. நாளை கிடைக்கோட்டிலும் டிகிரியை நிலைக்கோட்டிலும் வைத்து வரைந்தால், ஆரம்பத்தில் கோடு சோம்பலாக ஏறும். தண்ணீர் குறையக் குறைய, அதே அளவு ஆவியாதலுக்கு டிகிரி வேகமாக ஏறும், கோடு நிமிர்ந்துவிடும். இப்படியே போனால் அடுத்த வாரம் 40 என்று போமே மாதிரி பென்சிலை நீட்டத் தோன்றும். 25.5 அருகில் கோடு திடீரென்று படுத்துக்கொள்ளும். தண்ணீர் குறைந்துகொண்டுதான் இருக்கிறது, இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு போனாலும் எண் மூன்றரை டிகிரிதான் ஏறும். கெட்டிப்படவேண்டியது தண்ணீரில் தங்காமல் தரைக்கு இறங்கிவிடுகிறது. தட்டின் அடியில் முதல் கல் தெரிவதும் கோடு மடங்குவதும் ஒரே நாளில் நடக்கும். அறிவன என்ற கட்டத்தில் சொந்தமாக எழுத ஒரு வரி கிடைக்கிறது.

1993 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு, பிள்ளைகள் தங்கள் ஊர் விஷயத்தையே ஆய்வாகச் செய்துகொண்டு வருகிறார்கள். உப்பளத்துக் கரையில் படிக்கும் பிள்ளைக்கு இதைவிடச் செலவில்லாத ஆய்வு கிடைக்காது. அதிலும் ஒன்றை நான் விடாமல் செய்யச் சொல்வேன். கடையில் வாங்கிய உப்பைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டே போகவேண்டும், இனி கரையாது என்று அடியில் தங்கும்வரை. இப்போது அந்தத் தண்ணீரில் எடைக்கு 26 சதவீதத்துக்கு மேல் உப்பு இருக்கிறது. குழலை விட்டால் 26 காட்டாது, 24ஐ ஒட்டி நின்றுவிடும். டிகிரியும் சதவீதமும் ஒன்று என்ற போமேயின் கணக்கு பதினைந்துக்கு மேலே தேய்ந்துபோனது இந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியும். அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

"என்னண்ணே, எங்க உப்பு 24லயே நிறைஞ்சிடுச்சு. நீங்க 25.5ல தானே விழும்ங்கறீங்க?" என்று பாத்திக்காரரைக் கேட்டால், அவர் தன் குழலையே எடுத்துக் காட்டுவார். அவர் தண்ணீர் 25 காட்டும்போதுகூட அடியில் உப்பு இருக்காது. ஆய்வகக் குழல் பழுது, அளத்துக் குழல் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். குழல்களை மாற்றிப்போட்டு அளந்தாலும் அதே வித்தியாசம் வரும். பாத்தித் தண்ணீரில் சமையல் உப்போடு வேறு சிலவும் கரைந்திருக்கின்றன, அவையும் குழலைத் தூக்கிப் பிடிக்கின்றன. அவை எவை என்று சொல்லக் குழலுக்கு வாய் கிடையாது. அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு உப்புப் பகுப்பாய்வு அலமாரியைத் திறக்கவேண்டும். 29 டிகிரியில் வெளியேற்றிய தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடும் மெக்னசான் கரைசலும் விட்டுப் பார்க்கலாம். நீல வீழ்படிவு வந்தால் மெக்னீசியம்.