பிஸ்டன் எழும் அதே நொடியில்

சைக்கிள் பம்பின் பிடியை மேலே இழுத்தால் பிஸ்டன் எழுகிறது. உள்வால்வு திறக்க, வெளிவால்வு மூட, உருளைக்குள் காற்று புகுகிறது. பிடியை அழுத்தினால் வால்வுகள் இடம் மாறிக்கொள்கின்றன, காற்று குழாய் வழியே வெளியேறுகிறது. ரிச்சர்ட் மேயரும் ரிச்சர்ட் ஆண்டர்சனும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்குக் காட்டிய அசைபடம் இதுதான். விளக்கத்தைக் காதால் மட்டும் கேட்டவர்கள், அதைத் திருப்பிச் சொல்வதில், படத்தோடு கேட்டவர்களுக்குச் சளைக்கவில்லை. எத்தனை முறை அடித்தும் காற்று வராவிட்டால் என்ன பழுதாகியிருக்கும் என்பது போன்ற கேள்விகளில்தான் பின்தங்கினர். விளக்கத்தை முதலில் கேட்டுவிட்டுப் படத்தைப் பிறகு பார்த்தவர்களும் அத்தகைய கேள்விகளில் தடுமாறினர். சொல்லும் படமும் கையில் இருந்தும் போதவில்லை என்ற இந்த முடிவையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஓடும் படத்துக்கு அச்சிட்ட விளக்கத்தைவிடப் பேச்சு விளக்கமே ஏற்றது என்பது பின்னர் பல ஆய்வுகளில் உறுதிப்பட்டது. எழுத்தும் படமும் கண்வழியே நுழைவதால் காட்சி நினைவு நிரம்பி வழிகிறது என்பது வழக்கமான விளக்கம். இதை முழுதாக ஏற்க இயலவில்லை. ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் 1974-இல் முன்வைத்த செயல்நினைவுக் கோட்பாட்டின் வளர்ச்சியில், நாம் மௌனமாகப் படிக்கும் சொல்லும் உள்ளே ஒலியாக மாறி, பேச்சொலியைச் சற்றுநேரம் தாங்கும் ஒலிச்சுழல் என்ற பகுதியையே சேர்கிறது. அதற்கும் முன்பே, 1964-இல், உளவியலாளர் கான்ராட் இதற்கு வலுவான சான்று தந்திருந்தார்: ஆங்கில எழுத்துகளைக் கண்ணால் பார்த்து மனத்தில் வைத்தவர்கள், ஒலியில் ஒத்த எழுத்துகளையே மாற்றி எழுதினர். ஆகவே, படித்த சொல் காட்சி நினைவில் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கிறது என்பது பொருந்தவில்லை.

இடர்ப்பாடு கொள்ளளவில் இல்லை, காலத்தில் இருக்கிறது என்பதே என் வாதம். கண் ஒரே நேரத்தில் ஈரிடத்தில் நிற்காது. படத்தின் கீழுள்ள வரியை வாசித்து நிமிர்வதற்குள் பிஸ்டன் இறங்கிவிடுகிறது. ஒலிச்சுழலோ, திரும்பச் சொல்லிப் புதுப்பிக்காவிட்டால், கேட்டதை ஏறத்தாழ இரண்டு விநாடிதான் தாங்கும். வால்வு என்ற சொல்லும் திறக்கும் வால்வின் உருவமும் ஒருசேர உயிரோடிருக்கும் நொடியில்தான் அவை ஒன்றோடொன்று பிணைந்து, எது காரணம், எது விளைவு என்பது புலப்படுகிறது. இப்பிணைப்புக்கெனத் தனியிடம் வேண்டும் என்று உணர்ந்தே, பேட்லி 2000-இல் தம் கோட்பாட்டில் நான்காவது உறுப்பொன்றைச் சேர்த்தார் எனலாம்.

இந்த வாதத்துக்குத் துணைநிற்கும் சான்று பெல்ஜியத்திலிருந்து வருகிறது. டாபர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், கென்ட் பல்கலைக்கழக மாணவர்கள் பாடத்தைத் தம் விருப்ப வேகத்தில் நகர்த்திக்கொண்டனர். அங்கே பேச்சைவிட எழுத்தே மேலான பயன் தந்தது. காட்சி நினைவு நிரம்புவதுதான் காரணமென்றால், வேகத்தை மாணவர் கையில் கொடுத்ததும் முடிவு இப்படிப் புரண்டதை விளக்குவது கடினம். அவர்களால் வரியை வாசித்துவிட்டுப் படத்துக்குத் திரும்ப முடிந்தது, படம் காத்திருந்தது. மேயரின் பம்பையும் ஒவ்வோர் அடிக்கும் நிறுத்தி, மாணவர் அழுத்தினால் மட்டும் அசையச் செய்தால், அச்சு வரி அங்கும் குரலுக்குப் பின்தங்காது என்றே எதிர்பார்க்கிறேன்.