டீசல் ஜீப் வாங்கலாமா? யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு கணக்கு

யாழ்ப்பாணத்தில் நிலத்தில் இருந்து சற்று உயர்ந்து நிற்கும் வாகனம் எதுவானாலும் அது ‘ஜீப்’தான். அது எந்த நாட்டில் செய்தது, எத்தனை சக்கரத்தை இயந்திரம் இழுக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீளத் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு பல வீடுகளில் ஒரே பேச்சு நடக்கிறது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை தொலைபேசியில் சொல்கிறார்: “அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. ஏறி இறங்கச் சுகமா ஒரு ஜீப்பாப் பாருங்கோ.”

அந்த விருப்பத்தில் பிழையில்லை. தாழ்ந்த காரில் குனிந்து இறங்க முடியாத முதியவர்களுக்கும், போரில் காலை இழந்து செயற்கைக் காலுடன் நடப்பவர்களுக்கும் இருக்கையின் உயரம் பெரிய விடயம். ஆனால் ‘சொகுசு, டீசல், நாலு சக்கர இழுவை’ என்ற மூன்றும் சேர்ந்த வாகனம் இந்தக் குடாநாட்டுக்குப் பொருந்துமா என்பதைப் பணம் கைமாறும் முன் பார்க்க வேண்டும்.

எவை இந்த வாகனங்கள்?

ஐரோப்பியச் சொகுசு நிறுவனங்கள் தங்கள் வரிசையில் கீழ்ப்படியில் வைத்திருக்கும் சிறிய ஜீப்களையே இங்கு சொல்கிறோம். 2009இல் வந்த பி.எம்.டபிள்யூ எக்ஸ்1, 2011இல் வந்த ஆவ்டி கியூ3, அதன்பின் வந்த மெர்சிடிஸ் ஜி.எல்.ஏ., லாண்ட் ரோவரின் டிஸ்கவரி ஸ்போர்ட் ஆகியவை இந்த வகை. ஓர் எடுத்துக்காட்டு: 2015இல் வந்த இரண்டாம் தலைமுறை எக்ஸ்1இன் ‘எக்ஸ்டிரைவ் 20டி’ வடிவத்தில் 1,995 சி.சி. டீசல் இயந்திரம் உண்டு. அது 190 குதிரைவலுவையும் 400 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையையும் தருகிறது. அடிப்பாகம் நிலத்தில் இருந்து 183 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கிறது.

லாண்ட் குரூசர், ஹைலக்ஸ் போன்றவற்றின் உடல் தனியான இரும்புச் சட்டத்தின் மேல் ஏற்றப்பட்டது. இந்தச் சிறிய ஜீப்கள் அப்படியல்ல. உடலும் சட்டமும் ஒன்றாகவே செய்யப்பட்டவை. சுருங்கச் சொன்னால் இவை உயரமான கார்கள்.

நாலு சக்கரமும் இழுத்தால்

இவற்றில் சாதாரண வேளைகளில் பெரும்பாலும் முன்சக்கரங்களே இழுக்கும். முன்சக்கரம் வழுக்குவதை அல்லது வழுக்கப்போவதைக் கணினி உணர்ந்ததும், நடுவில் உள்ள கிளட்ச் இறுகிப் பின்சக்கரங்களுக்கும் விசையை அனுப்பும். ஐரோப்பாவின் பனி படர்ந்த வீதிகளுக்கு இது அருமையான ஏற்பாடு. மழை வீதியில் புறப்படும்போதும் உதவும். ஆனால் பிரேக் பிடிக்கும் தூரத்தை இது ஓர் அடிகூடக் குறைக்காது. வண்டியை நிறுத்துவது ரயர்களும் பிரேக்கும்தான்.

ஹைலக்ஸ் போன்றவற்றில் சேற்றில் மெதுவாக ஊர்ந்து ஏறுவதற்குத் தனியான தாழ் கியர் இருக்கும். எக்ஸ்1, கியூ3 போன்றவற்றில் அது இல்லை. குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் தட்டையான நிலம். ஏறுவதற்கு மலையில்லை. மணற்காட்டு மணலில் இறங்கினால் 183 மில்லிமீற்றர் வாகனம் வயிற்றில் அமர்ந்துவிடும். 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டியது போன்ற மழையில் வீதி மறைந்து நிற்கும்போது, நாலு சக்கரம் இழுத்தாலும் காற்று உறிஞ்சும் குழாய்க்குள் தண்ணீர் போனால் இயந்திரம் அத்தோடு முடிந்தது.

இன்னொன்று எங்கள் ஊருக்கே உரியது. ‘நாலு சக்கர இழுவை’ என்ற நம்பிக்கையில் வீதியை விட்டு விலகிப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். குடாநாட்டின் கழுத்தில் இருக்கும் முகமாலை, நாட்டிலேயே மிகச் செறிவாகக் கண்ணிவெடி விதைக்கப்பட்ட நிலங்களில் ஒன்று. போர் முடிந்து பல ஆண்டுகள் கடந்தும் அங்கே ஒவ்வோர் அடியாக மண்ணைக் கிளறி எடுத்தார்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் இடத்தில் எந்த வாகனத்தின் விலையும் பாதுகாப்பைத் தராது.

மண்ணெண்ணெயில் ஓடிய ஊர்

வாகனத்தையும் எரிபொருளையும் பற்றி யாழ்ப்பாணத்துக்கு யாரும் புதிதாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990இல் போர் மீண்டும் வெடித்ததும் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் மருந்து போலப் போத்தலில் அளந்து விற்கப்பட்டது. ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் கார்கள் அந்த ஆண்டுகளில் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை எழும். முப்பதுகளில் இருக்கும் என் போன்றவர்களுக்கு அந்த மணம்தான் குழந்தைப் பருவத்தின் மணம்.

அது எப்படிச் சாத்தியமாயிற்று? அந்தப் பழைய இயந்திரங்களின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1தான். காபரேற்றர் ஒரு திருகாணிக்குக் கட்டுப்படும். கெட்டால் கராச்சில் ஒருவர் உருக்கி, அராவி, பொருத்திவிடுவார். எது கிடைக்கிறதோ அதைக் குடித்து ஓடும் பொறி அது.

இன்றைய டீசல் ஜீப் இதற்கு நேர் எதிர். அதன் பம்ப் 1,600 பார் அழுத்தத்துக்கு மேல் டீசலைத் தள்ளுகிறது. இது உங்கள் ரயரில் இருக்கும் அழுத்தத்தின் பல நூறு மடங்கு. அந்தப் பம்புக்கு உராய்வு நீக்கும் எண்ணெயும் டீசலேதான். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு இல்லை. கலப்பட டீசல் சில தாங்கிகள் போனாலே பம்ப் அரைபட்டு, அதன் இரும்புத்தூள் இன்ஜெக்டர்கள் வரை போய்ச் சேரும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவாக உயர்த்தப்படும் வரை, மலிவான மண்ணெண்ணெயை டீசலில் கலக்கும் ஆசைக்கு நாடு முழுவதும் இடமிருந்தது. 2022க்கு முன் இங்கு ஓடிய டீசல் சொகுசு வாகனத்தை வாங்குவதானால் இதை மனதில் வைத்துப் பாருங்கள்.

புகைக்குழாயில் ஒரு வடிகட்டி

புதிய டீசல் வாகனங்களின் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரியை வாகனம் தானே எரித்துத் துப்புரவாக்கும். அதற்கு ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். வேகம் குறையாமல் 15, 20 நிமிடம் ஓடினால்தான் அந்த எரிப்பு முடியும்.

இப்போது குடாநாட்டு வாழ்க்கையைப் பாருங்கள். நல்லூரில் இருந்து சுன்னாகத்துக்கு, கொக்குவிலில் இருந்து ஆஸ்பத்திரிக்கு, பிள்ளையின் ரியூசனுக்கு. எல்லாம் சில கிலோமீற்றர்கள். இடையிடையே சந்தியும் சைக்கிளும் மாடும். இயந்திரம் சூடாகும்போது வீடு வந்துவிடும். எரிக்கத் தொடங்கிய கரி பாதியில் நிற்கும். மாதக்கணக்கில் இப்படி ஓடினால் வடிகட்டி அடைபடும். பிள்ளைகள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து போகும் 25 நாட்கள் ஓடிவிட்டு, மிச்ச மாதங்கள் கொட்டிலில் நிற்கும் வாகனத்துக்கு வேறு துன்பங்களும் உண்டு. பற்றரி இறங்கும், ரயர் வெடிக்கும், உப்புக்காற்று அடித்தட்டைத் தின்னும்.

டீசலின் தரமும் கணக்கில் வரும். யூரோ 6 இயந்திரங்கள், கந்தகம் மிகக் குறைந்த எரிபொருளை நம்பிச் செய்யப்பட்டவை. இங்கே 2018இல் அறிமுகமான சூப்பர் டீசல் யூரோ 4 தரத்தது. சாதாரண ‘ஒட்டோ டீசல்’ அதற்கும் கீழே. எனவே இத்தகைய வாகனத்துக்குச் சூப்பர் டீசல் தவிர்ந்த எதுவும் அடிக்கக் கூடாது. சில மாதிரிகளுக்கு ‘அட்புளூ’ என்ற யூரியாக் கரைசலும் வேண்டும். அது தீர்ந்துபோனால் இயந்திரம் மீண்டும் இயங்க மறுக்கும்.

இந்த வாகனம் தன் குணத்தைக் காட்டும் இடம் ஏ9 வீதி. கொழும்புக்கு ஒரு வழியில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓட்டத்தில் டீசல் சிக்கனமும் இருக்கும், வடிகட்டியும் துப்புரவாகும். மாதம் இரண்டு முறை கொழும்பு போகிறவருக்கு இது பொருந்தும். சந்தைக்குப் போகிறவருக்குப் பொருந்தாது.

வரி சொல்லும் உண்மை

இலங்கையில் டீசல் சொகுசு வாகனங்கள் ஏன் குறைவு என்பதற்கு விடை வரியில் இருக்கிறது. சுங்க வரி, இயந்திரத்தின் சி.சி.யைப் பொறுத்த உற்பத்தி வரி, சொகுசு வரி, இவற்றின் மேல் 18 வீத வற் வரி என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். 2025இல் இறக்குமதி திறந்தபோது, பெற்றோல், டீசல் வாகனங்களின் இறக்குமதிப் பெறுமதி 50 இலட்சம் ரூபாவைத் தாண்டினால் சொகுசு வரி என்று வைக்கப்பட்டது. டீசலுக்கு அந்த வீதம் பெற்றோலைவிட அதிகம். 2020க்கு முன் 999 சி.சி. ஆவ்டி கியூ2வும், 1,499 சி.சி. பெற்றோல் எக்ஸ்1உம் வீதிகளில் நிறைந்ததற்கும் இதுவே காரணம். அவை முன்சக்கரம் மட்டும் இழுப்பவை. முத்திரையைப் பார்த்து ‘நாலு சக்கரம்’ என்று நம்பி ஏமாற வேண்டாம்.

வாங்கும் முன்

* நாலு ரயரும் ஒரே வகையா, ஒரே அளவு தேய்ந்தவையா என்று பாருங்கள். ஒரு ரயரை மட்டும் மாற்றி ஓட்டினால் சக்கரங்களின் சுற்று வேறுபட்டு, நடு கிளட்ச் ஓயாமல் உரசிக் கெடும்.
* வடிகட்டி வெட்டி எறியப்பட்டதா என்று கணினிச் சோதனை செய்யுங்கள். எறியப்பட்டிருந்தால் பழைய உரிமையாளரின் தொல்லை உங்களிடம் வருகிறது என்று பொருள்.
* கியர், நடு கிளட்ச் எண்ணெய்கள் மாற்றிய பதிவைக் கேளுங்கள்.
* அடித்தட்டில் துருவைப் பாருங்கள். பண்ணைப் பாலம் தாண்டித் தீவகம் போய்வந்த வாகனமானால் இரண்டு முறை பாருங்கள்.
* முகவர்களின் பெரிய பணிமனைகள் கொழும்பில். பழுதானால் ஏற்றிச் செல்லும் கூலியையும் விலையோடு கூட்டுங்கள்.
* பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிலுவை இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசி வரியில் சற்று நிற்க வேண்டும். போர் முடிந்து பாதை திறந்ததும் வடக்குக்கு முதலில் வந்தவர்களில் லீசிங்காரரும் ஒருவர். கடனால் குடும்பங்கள் நொந்ததன் அளவு, 2018இல் பெண்களின் ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்கும் வரை போனது. வெளிநாட்டில் இரண்டு வேலை செய்யும் பிள்ளை மாதாமாதம் கட்டும் தவணையும் கடன்தான். அங்கே ஒரு வேலை போனால் இங்கே முற்றத்தில் நிற்கும் ஜீப்பை வந்து தூக்கிக்கொண்டு போவார்கள்.

2022 யூலையில் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் டீசல் ஜீப் அதில் 300 கிலோமீற்றர் போகும். கொழும்புக்கு ஒரு வழிப் பயணத்துக்கே அது காணாது. தடையையும் வரிசையையும் கண்ட ஊர், வாகனத்தின் விலையோடு அதை நாளைக்கும் ஓட்ட முடியுமா என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

அம்மாவின் முழங்காலுக்கு வேண்டியது இருக்கையின் உயரம். அது முன்சக்கரம் இழுக்கும் சாதாரண பெற்றோல் அல்லது ஹைபிரிட் ஜீப்பிலும் கிடைக்கும். மிச்சப்படும் பணத்தில் அவரை அடிக்கடி வந்து பார்க்கலாம்.