வீடியோ கேம் கன்சோல்களின் உண்மை விலை

வீடியோ கேம் கன்சோலை வாங்கியவர் அது ஓய்ந்து போகும்வரை அதற்காகச் செலவழிக்கும் மொத்தப் பணமே அதன் உண்மை விலை. கருவியோடு கேம்கள், கூடுதல் கன்ட்ரோலர், மெமரி கார்டு, ஆண்டுச் சந்தா எல்லாம் இதில் அடங்கும். கீழே வரும் விலைகள் அமெரிக்கச் சந்தைக்கு உரியவை.

1977இல் வந்த அடாரி 2600 ஏறத்தாழ 200 டாலருக்கு விற்றது, பெருலாபம் கார்ட்ரிட்ஜில்தான். 1979இல் அடாரியிலிருந்து விலகிய சிலர் ஆக்டிவிஷனைத் தொடங்கி, அதே கருவிக்குத் தாங்களும் கேம்களை விற்றனர். அடாரியால் அதைத் தடுக்க முடியவில்லை. 1985இல் அமெரிக்காவுக்கு வந்த நின்டெண்டோ இதற்காகவே கருவிக்குள் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. அனுமதியும் கட்டணமும் இல்லாமல் கேம் வெளியிடுவது மிகக் கடினமானது. அந்தக் கட்டணம் கேமின் விலையில் ஏறி ஆடுபவர் தலையில் விழுந்தது. கருவியை நஷ்டத்துக்குக்கூட விற்கலாம் என்ற துணிச்சல் பிற்கால நிறுவனங்களுக்கு வந்தது இந்த வருமானத்தால்தான். அது இல்லாமல் போனால் என்னாகும் என்பதை 1993இல் வந்த 3டிஓ கன்சோல் காட்டியது. உரிமம் பெற்று அதைத் தயாரித்த பானாசோனிக் போன்ற நிறுவனங்கள் கருவியிலேயே லாபம் பார்க்க வேண்டியிருந்தது. விலை 699 டாலர், வாங்கியோர் குறைவு.

1995இல் சேகா சாட்டர்ன் 399, சோனி பிளேஸ்டேஷன் 299. நூறு டாலர் வித்தியாசம் என்றே இன்றும் சொல்லப்படுகிறது. அது முழுக் கணக்கல்ல. சாட்டர்னோடு விர்ச்சுவா ஃபைட்டர் கேம் சேர்ந்தே வந்தது, ஆட்டத்தைச் சேமிக்க உள்ளேயே இடமும் இருந்தது. பிளேஸ்டேஷன் வாங்கியவர் இரண்டுக்கும் தனியாகப் பணம் கொடுத்தார்.

இந்தக் கணக்கு மிகவும் சிக்கலானது 2005, 2006இல். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 இரு வகையாக வந்தது. 299 டாலர் ‘கோர்’ பெட்டியில் ஹார்டு டிஸ்க் கிடையாது, கன்ட்ரோலரும் வயர் உள்ளது. 40 டாலர் மெமரி யூனிட்டையோ 100 டாலர் ஹார்டு டிஸ்க்கையோ வாங்காமல் ஆட்டத்தைச் சேமிக்கவே வழியில்லை. ஹார்டு டிஸ்க் வாங்கினால் 399 ஆகிவிடும். அதே 399க்கு விற்ற உயர்வகையிலோ வயர்லெஸ் கன்ட்ரோலரும் கூடவே கிடைத்தது. மலிவு வகையைத் தேர்ந்தவர்தான் அதிகம் இழந்தார்.

அடுத்த ஆண்டு வந்த பிளேஸ்டேஷன் 3இன் 60 ஜிபி வகை 599 டாலர். விலையைக் கேட்டே பலர் பின்வாங்கினர். ஆனால் அதில் வைஃபை, புளூ-ரே இயக்கி, ரீசார்ஜ் ஆகும் கன்ட்ரோலர் எல்லாம் இருந்தன. பழைய பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகளும் ஓடின. இணையத்தில் பிறருடன் ஆடக் கட்டணமில்லை. 399 டாலர் எக்ஸ்பாக்ஸுக்கு வைஃபை அடாப்டர் 100, இணைய ஆட்டத்துக்கு ஆண்டுச் சந்தா 50. நான்கு ஆண்டில் 699 ஆகிறது. இணையத்தில் ஆடாதவருக்கு மட்டும் எக்ஸ்பாக்ஸே 200 டாலர் மலிவு. ஐசப்ளை நிறுவனம் அந்த பிளேஸ்டேஷனைப் பிரித்துப் பார்த்து, தயாரிப்புச் செலவே ஏறத்தாழ 840 டாலர் என மதிப்பிட்டது. நின்டெண்டோவின் வீ, ஒரு கேமும் சேர்த்து 249 டாலருக்கே கிடைத்தது.

பழுதும் செலவுதான். சிவப்பு வளையம் எரிந்து செயலிழக்கும் எக்ஸ்பாக்ஸ் 360க்கான உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் 2007இல் மூன்றாண்டாக நீட்டித்து, அதற்காக நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது.

2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது சோனியும் இணைய ஆட்டத்துக்குச் சந்தா வாங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 50 டாலராக இருந்தது 2023இல் 80 ஆனது. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இன் டிஸ்க் இயக்கி இல்லாத வகை அப்போது 100 டாலர் குறைவாக இருந்தது; ஆனால் அதை வாங்கியவருக்குப் பழைய டிஸ்க் வாங்கவோ, ஆடி முடித்ததை விற்கவோ, நண்பருக்குக் கொடுக்கவோ வழியில்லை. ஆண்டுக்கு நாலைந்து கேம் வாங்குபவருக்கு அந்த 100 டாலர் சீக்கிரமே கரைந்துவிடும்.

பொறுத்திருந்தால் கருவி மலிவாகும் என்பது நெடுங்காலம் நம்பத்தக்க கணக்காக இருந்தது. பிளேஸ்டேஷன் 3 மூன்றே ஆண்டில் 299க்கு இறங்கியது. ஆனால் 499க்கு வந்த பிளேஸ்டேஷன் 5, ஐந்தாவது ஆண்டில், 2025 ஆகஸ்டில், 549 டாலராக ஏறியது.