ஒத்துப்போகாத இரண்டு கணக்குகள்

1961. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், வானிலையியலாளர் எட்வர்ட் லோரென்ஸின் அறையில் ராயல் மெக்பீ கணினி இரைந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு சமன்பாடுகளைக் கொண்டு அதற்குள் ஒரு குட்டி வானிலையையே ஓடவிட்டிருந்தார் அவர். பழைய கணக்கு ஒன்றை இன்னும் நீட்டிப் பார்க்க ஆசை. அச்சுத்தாளின் நடுவிலிருந்து ஒரு வரி எண்களை எடுத்துத் தட்டச்சு செய்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது இரண்டு மாத வானிலை கணக்கிடப்பட்டிருந்தது. ஆனால் அச்சு அசலாக ஒன்றாய் இருக்க வேண்டிய இரண்டு கணக்குகளும் மெல்ல விலகி, கடைசியில் சம்பந்தமே இல்லாமல் பிரிந்திருந்தன. கணினியின் வெற்றிடக் குழாய் ஏதும் பழுதா?

பழுதில்லை. கணினி ஆறு தசம இடங்கள்வரை நினைவில் வைத்திருந்தது. தாளில் அச்சானதோ மூன்றுதான். விட்டுப்போன அந்தத் துளி வித்தியாசம்தான் வளர்ந்து வானிலையையே மாற்றியிருந்தது. இது பன்னிரண்டு சமன்பாடுகளின் சிக்கலா, இயற்கையின் குணமா?

விடை ஹார்ட்ஃபோர்டு நகரில் காத்திருந்தது. உலைநீர்போல அடியில் சூடேறி மேலெழுந்து, குளிர்ந்து கீழிறங்கும் வெப்பச்சலனத்தை அங்கே வானிலையியலாளர் பாரி சால்ட்ஸ்மன் ஏழு மாறிகளில் கணக்கிட்டுவந்தார். பார்க்க வந்த லோரென்ஸிடம், எந்த நிலையிலும் வந்து அடங்காத ஒரு தீர்வைக் காட்டினார். அதில் நான்கு மாறிகள் ஏறக்குறைய சுழியமாகிவிட, மூன்று மட்டும் ஒழுங்கின்றி ஆடிக்கொண்டே இருந்தன. அப்படியானால் சோதித்துப் பார்க்க மூன்று சமன்பாடுகளே போதுமே!

போதுமானதாக இருந்தது. எலன் ஃபெட்டர் நிரல் எழுதித் துணைநிற்க, 1963-இல் லோரென்ஸின் கட்டுரை வெளிவந்தது. மூன்றே சமன்பாடுகள், அவற்றிலும் துளிப் பிழை பெருகியது. தொடக்க நிலையை யாராலும் துல்லியமாக அளக்க முடியாது என்றால், நீண்டநாள் முன்கணிப்பின் கதி?

ஒரே கணக்கை நம்பாமல், சற்றே மாறுபட்ட பல தொடக்கங்களிலிருந்து பல கணக்குகளை ஓட்டிப் பார்க்கலாம் என்ற வழி பிறந்தது. 1969-இல் எட்வர்ட் எப்ஸ்டீன், 1974-இல் செசில் லீத் என்ற ஆய்வாளர்கள் அதற்கு உருக்கொடுத்தார்கள். ஆனால் ஒரு கணக்கை முடிக்கவே அன்றைய கணினிகளுக்கு மூச்சு வாங்கியது.

1992-இல் வேளை வந்தது. லோரென்ஸுக்குத் தற்செயலாக நேர்ந்ததை, அமெரிக்க வானிலை மையமும் ஐரோப்பிய மையமும் வேண்டுமென்றே, அன்றாட வேலையாகவே செய்யத் தொடங்கின. இன்று ஐரோப்பிய மையம் ஒரு முன்கணிப்புக்கு 51 கணக்குகளை ஓட்டுகிறது.

வங்கக்கடலில் புயல் உருவானதும், ஏறக்குறைய ஒரே புள்ளியிலிருந்து விசிறியாய்ப் பிரியும் கோடுகளோடு ஒரு வரைபடம் வருகிறதே, அது பிறந்த கதை இதுதான். ஒவ்வொரு கோடும் ஒரு கணக்கு. கோடுகள் நெருங்கி ஓடினால் புயலின் பாதையில் நம்பிக்கை கூடும். விரிந்து பரந்தால், நடுக்கோட்டிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் ஊரும் படகுகளைக் கரையேற்றியாக வேண்டும்.