ஸ்லாப்இன்ஃபோ

லினக்ஸ் கர்னல் தன் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொண்ட நினைவகத்தின் கணக்கைக் காட்டும் கோப்பு. இது வட்டில் இருப்பதல்ல. 'புராக்' அடைவில் யாராவது இதைத் திறந்து படிக்கும்போதுதான் கர்னல் வரிகளை எழுதித் தருகிறது. ஒரு வரிக்கு ஒரு 'கேச்', அதாவது ஒரே வகை ஆப்ஜெக்டுகளின் தொகுப்பு: அதன் பெயர், பயனில் உள்ள ஆப்ஜெக்டுகள், மொத்த ஆப்ஜெக்டுகள், ஒன்றின் பைட் அளவு. ஒரு கேச்சின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் இறங்கவே இல்லையென்றால், மெமரி லீக்கை அங்கே தேடலாம்.

ஒரே வகை ஆப்ஜெக்டுகளைச் சேர்த்து வைத்து, விடுவித்ததையே மறுபடி கொடுக்கும் 'ஸ்லாப்' முறையை சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜெஃப் பான்விக் 1994இல் வெளியிட்டார். லினக்ஸுக்காக மார்க் ஹெமன்ட் 1996-97இல் அதை எழுதினார்.

அதற்கு மாற்றாக கிறிஸ்டோஃப் லேமீட்டர் எழுதிய 'ஸ்லப்' 2007இல் 2.6.22 பதிப்பில் வந்தது. அளவும் தன்மையும் ஒத்த கேச்சுகளை இது ஒன்றாக்கிவிடும் என்பதால் சில பெயர்கள் கோப்பிலிருந்தே மறைந்தன. லீக் தேடுபவருக்கு இது பெரிய தொல்லை. ஈடாக, பிழைத்திருத்த வசதியை இயக்கினால் ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் எந்த ஃபங்ஷன் வாங்கியது, எது விடுவித்தது என்ற குறிப்பு கூடவே சேமிக்கப்படும். நினைவகம் கூடுதலாகச் செலவாகும். அந்தக் குறிப்புகள் முதலில் சிஸ்எஃப்எஸ் என்ற மற்றொரு கர்னல் கோப்பு அமைப்பின் வழியே கிடைத்தன. அங்கே ஒரு கோப்புக்கு ஒரு பக்கமே இடம், அதாவது வழக்கமாக 4096 பைட். நீண்ட பட்டியல் பாதியில் அறுந்துவிடும். 2021இல் 5.14 பதிப்பு அவற்றை டீபக்எஃப்எஸ்ஸுக்கு மாற்றியது.

உண்மையான சச்சரவு, ஸ்லாப்இன்ஃபோவின் கணக்கை யார் பார்க்கலாம் என்பதில்தான். 2011 வரை எந்தப் பயனரும் பார்க்கலாம். கர்னலின் ஹீப்பில் எல்லை மீறி எழுதித் தாக்குபவருக்கு, தான் குறிவைத்த ஆப்ஜெக்ட் பக்கத்திலேயே வந்து அமர வேண்டும். காலியிடங்களையெல்லாம் நிரப்பிப் புதிய ஸ்லாப் (ஆப்ஜெக்டுகளை வைக்கும் பக்கத் தொகுதி) தொடங்கும் தருணத்தை இந்தக் கோப்பு துல்லியமாகக் காட்டிக்கொடுத்தது. ரூட்டுக்கு மட்டும் என்று ஆக்கும் பேட்சை டான் ரோசன்பர்க் அவ்வாண்டு முன்வைத்தார். கோப்பை மறைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஏராளமாக ஒதுக்கித் தாக்கலாமே, சாதாரணப் பயனருக்குத்தானே நட்டம் என்று எதிர்ப்பு வந்தது. வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் தாக்குதலைக் கடினமாக்குவதும் பாதுகாப்புதான். அதே ஆண்டு செப்டம்பரில் வசிலி குலிக்கோவ் அனுப்பிய பேட்ச் ஏற்கப்பட்டது.

லீக் தேட வேறு கருவிகளும் வந்தன: கேட்டலின் மரினாஸின் 'கேமெம்லீக்' 2009இலும், பக்கங்களின் உரிமையாளரைச் சொல்லும் 'பேஜ் ஓனர்' 2015இலும் கர்னலில் சேர்ந்தன. 2024இல் 6.10 கொண்டுவந்த 'அலாக்இன்ஃபோ', மூலநிரலின் எந்த வரி எத்தனை பைட் வைத்திருக்கிறது என்று சொல்கிறது. சுமை குறைவு என்பதால், பயன்பாட்டில் உள்ள சர்வர்களிலும் இதை இயக்கி வைக்கலாம்.

பழைய ஸ்லாப் நிரல் அதே ஆண்டு 6.8இல் நீக்கப்பட்டது. ஸ்லாப்இன்ஃபோ மட்டும் நிற்கிறது. பழைய நிரலைச் சரிசெய்ய உதவிய மூன்று எண்களின் பத்திகளும் அதில் அப்படியே உள்ளன; இக்கோப்பைப் படிக்கும் கருவிகள் உடைந்துவிடக் கூடாது என்பதால் கர்னல் அவற்றில் பூஜ்ஜியங்களை அச்சிடுகிறது.