மாணவருக்குச் சாதகமான பிழையும் பல்கலைக்கழகமும்

விடைத்தாள் ஈட்டித் தந்ததைவிடக் கூடுதலாக மாணவர் பெறும் வழக்கம், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அதன் முதல் இளங்கலைப் பட்டங்களோடேயே தொடங்கிவிட்டது. 1858இல் நடந்த முதல் பி.ஏ. தேர்வில் பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயரும் யதுநாத் போஸும் ஆறு பாடங்களுள் ஐந்தில் நன்கு தேறி, ஆறாவதில் ஏழு மதிப்பெண்ணுக்கு மேற்படாத குறைவால் தவறியபோது, ஆட்சிக்குழு இருவருக்கும் தனிச்சலுகையாகப் பட்டமளிக்க முடிவு செய்து, அவர்களை இரண்டாம் வகுப்பில் சேர்த்தது. கருணை மதிப்பெண் எனப்படும் இச்சலுகை குழு கூடி, குறைவின் அளவை அறிந்து எடுத்த முடிவாதலால், அதைப் பிழையென்று எவரும் சொல்லவியலாது.

பல்கலைக்கழகம் அறியாமலே மாணவருக்கு நன்மை செய்துவிடும் நிலை வேறானது. அதற்கு விடை தேடும் பொறுப்பு நீதிமன்றங்களுக்கு வந்து சேர்ந்தது. குருக்ஷேத்திரப் பல்கலைக்கழகம், வருகைப் பதிவு போதாத சட்ட மாணவர் ஒருவரின் விண்ணப்பத்தை உரிய காலத்தில் சரிபார்க்காமல் தேர்வெழுத விட்டு, பின்னர் அவருடைய தேர்வுரிமையை ரத்து செய்தது. 1975ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், சரியாகவோ தவறாகவோ தேர்வெழுத அனுமதித்த பின் அந்த ரத்து அதிகாரம் முடிந்துபோகிறது என்றும், பல்கலைக்கழகமே ஆவணங்களைப் பார்த்து அறிந்திருக்கக்கூடிய ஒன்றை மாணவர் மறைத்தார் எனல் பொருந்தாது என்றும் கூறியது. 1990இல் பெர்ஹாம்பூர்ப் பல்கலைக்கழக வழக்கில், சேர்க்கையின்போதே மதிப்பெண் பட்டியலைக் கொடுத்து ஈராண்டு படித்துவிட்ட மாணவரின் முடிவுகளை நிறுத்திவைக்க முடியாதபடி 'முரண்தடை' குறுக்கே நின்றது. ஒருவர் தம் செயலால் பிறரை நம்பவைத்தபின் அதற்கு மாறாக வாதிடலாகாது என்பதே அவ்விதி. தவறு செய்தவரே அதன் சுமையை ஏற்க வேண்டும் என்னும் இந்த நியாயம், அலுவலகக் கவனக்குறைவுக்கு மாணவரின் ஆண்டுகளை விலையாகக் கொடுக்க மறுத்தது. அது மிகச் சரியான நிலைப்பாடு.

ஆயினும் இவை தகுதி பற்றிய வழக்குகளேயன்றி, கூட்டலில் மிகையாக விழுந்த மதிப்பெண்ணைப் பற்றியவை அல்ல. 2011இல் உச்ச நீதிமன்றம், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாணவர் தம் விடைத்தாளைப் பார்வையிடலாம் என்று தீர்ப்பளித்த பின், அத்தகைய மிகையை முதலில் காணும் வாய்ப்பு மாணவருக்கே வந்துள்ளது. கண்டவர் அதைத் தெரிவித்தாக வேண்டுமா என்ற கேள்வி, மேற்கூறிய வழக்குகள் எதிலும் எழவில்லை.