பட்டினம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் கடலோர மீன்பிடி ஊர்கள். ‘பட்டினம்’ நெய்தல் நிலத்து ஊரைக் குறிக்கும் என்பதற்கு அவை கண்கூடான சான்று. பழைய சான்று சிறுபாணாற்றுப்படை: வழிநடைப் பாணர் எயிற்பட்டினத்தில் தேறலும் சுட்ட குழல்மீனும் பெறுவர் என்கிறது அந்நூல். அவை பரதவர் அளித்த விருந்தாக இருந்தன.

‘பட்டணம்’ எந்த நகரையும் குறிக்கிறதே, இரண்டும் ஒன்றுதானே என்பர் சிலர். வடமொழியிலும் ‘பட்டனம்’ உண்டு என்பது உண்மை. ஆனால் வேர் ஒன்றாயினும் பொருளை வழக்கே வரையறுக்கிறது. காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம், அதிராம்பட்டினம் எல்லாம் கடல் தொட்ட ஊர்கள். பட்டணம் பொதுப்பெயர், பட்டினம் கடற்கரைப் பெயர். எழுதும்போது இந்த வேறுபாட்டைக் காப்போம்.